கால்ல மணி கட்டின பருந்து பக்கத்துல வந்து உக்காந்தா என்ன பண்றது? என் புரட்டாசி சனிக்கிழமை அனுபவத்துலருந்து ஒரு பதில்

கேள்வி இதுதான். ஜோஹன்னஸ்பர்க்ல ஒருத்தர் ஆபீஸ் பார்க்கிங்ல காரை எடுக்கப் போயிருக்கார், கார் மேல பெரிய பருந்து ஒன்னு உக்காந்திருக்கு, கால்ல தோல் வார், சின்னதா ஒரு மணி. ரெண்டடி தூரத்துல இவர் நின்னும் அது அசையல, கொஞ்ச நேரம் கழிச்சு எங்கயோ ஒரு ஆள் விசிலடிச்சதும் பறந்து போயிடுச்சு. அது யாராவது வளர்க்கிறதா, கிட்ட போனா தாக்குமா, இந்த மாதிரி பறவைய எப்படிப் பழக்குறாங்க, நாய் மாதிரி பாசமா இருக்குமான்னு கேட்டிருக்கார்.

வளர்க்கிறதுதான், வேலைக்கு வந்திருக்கும். நீங்க சும்மா இருந்தா அதுவும் சும்மா இருக்கும். பாசம்லாம் கிடையாது. இந்தக் கடைசி விஷயத்ததான் எல்லாரும் தப்பா புரிஞ்சுக்கிறாங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன், அதுக்குக் கூலியா என் இடது கையில இன்னும் நாலு புள்ளித் தழும்பு இருக்கு.

நான் விருதுநகர்ப் பக்கம், 2011ல தென்னாப்பிரிக்காவுல இருக்கிற டர்பன் நகரத்துக்கு வந்தேன், கோல்ட் ரூம் மெக்கானிக். அப்போ டர்பன்லயே இந்தியருங்க அதிகம் இருக்கிற சாட்ஸ்வர்த்ல ஒரு தமிழ் ஆன்ட்டி வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற அவுட்பில்டிங்ல வாடகைக்கு இருந்தேன். ஆன்ட்டி நாலாவது தலைமுறை, கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல்ல வந்தவங்க வம்சம், தமிழ் பாதி இங்கிலீஷ் பாதி பேசுவாங்க, ஆனா விரதம்னு வந்துட்டா நம்ம ஊர்க்காரங்க கிட்ட நிக்க முடியாது. இங்க புரட்டாசின்னா சும்மா இல்ல, மாசம் முழுக்க தெருவே சைவம், ஹோட்டல்ல பன்னி சௌ (நடுவுல குடைஞ்ச ரொட்டிக்குள்ள குழம்பு ஊத்தித் தர்றது) வாங்கினாக்கூட பீன்ஸ் போட்டதுதான், மட்டன் கறி சட்டியெல்லாம் தனியா கழுவிக் கவுத்து வெச்சிருவாங்க. இதை ஏன் இவ்வளவு விளக்கமா சொல்றேன்னா கதையே இதுலதான் இருக்கு.

ஒரு புரட்டாசி சனிக்கிழமை காலைல பத்தரை பதினொன்னு இருக்கும், காக்கா சத்தம் தாங்க முடியல. டர்பன்ல இருக்கிற சாம்பக்கழுத்துக் காக்கா நம்ம ஊரு காக்காதான், கப்பல் ஏறி வந்து இங்க பெருகிட்டுது, இங்க அதை வெளிநாட்டு ஆக்கிரமிப்புப் பறவைன்னு சொல்லி ஒழிக்கப் பாக்குறாங்க, அது வேற கதை. முப்பது நாப்பது காக்கா ஆன்ட்டி வீட்டு காம்பவுண்ட் சுவத்துக்கு மேல சுத்திச் சுத்திக் கத்துது. குரங்கு ஏதாவது வந்திருக்கும்னு நெனச்சு குச்சியோட போனா, சுவத்து மேல இது உக்காந்திருக்கு. சாக்லேட் கலர் உடம்பு, தோள்பட்டையில செங்கல் சிவப்பு, வால் நுனியில வெள்ளைப் பட்டை, நீளமான மஞ்சக் கால். காக்காவெல்லாம் தலைய உரசிக்கிட்டுப் போகுது, அது கண்டுக்கவே இல்ல. ஒரு தடவை உடம்ப சிலிர்த்துச்சு பாருங்க, ஜல்னு மணி சத்தம்.

அந்த மணி சத்தம் ஆன்ட்டி காதுல விழுந்ததுதான் வினை. "தம்பி, கிட்ட போகாத, கருடாழ்வார் வந்திருக்காரு, கால்ல சலங்கை கட்டிக்கிட்டு வந்திருக்காரு"ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. புரட்டாசி சனிக்கிழமை, பெருமாளுக்குத் தளிகை போட்டுக்கிட்டிருக்கிற நேரம், சுவத்து மேல கருடன், அதுவும் சலங்கையோட. யாரால மறுக்க முடியும்? பத்து நிமிஷத்துல தெருவே கூடிருச்சு, ஒருத்தர் கற்பூரம் ஏத்துறார், ஒரு பாட்டி கோவிந்தா போடுது. ஆன்ட்டி வாழை இலையில சக்கரைப் பொங்கல கொண்டுபோய் சுவத்து மேல வெச்சாங்க. அது பொங்கல ஒரு கண்ணால பாத்துச்சு, அப்புறம் ஆன்ட்டிய பாத்துச்சு, அப்புறம் முகத்தத் திருப்பிக்கிச்சு. ஆன்ட்டிக்கு மனசு கஷ்டமாயிடுச்சு, உப்பு கிப்பு போட்டுட்டேனான்னு என்னைக் கேக்குறாங்க.

நம்ம ஊர்ல கருடன்னு கும்பிடுறது செம்பருந்து, வெள்ளைத் தலை, செம்பு உடம்பு, அது ஆப்பிரிக்காவுலயே கிடையாது, ஆன்ட்டி வாழ்நாள்ல பாத்திருக்க வாய்ப்பில்ல. இங்க ஆகஸ்ட் வாக்குல வந்து வெயில் காலம் முழுக்க சுத்துறது மஞ்சமூக்குப் பருந்து. ஆனா சுவத்து மேல இருந்தது ரெண்டும் இல்ல, ஹாரிஸ் ஹாக், அமெரிக்கா தெற்குல ஆரம்பிச்சு சிலி, அர்ஜென்டினா வரைக்கும் இருக்கிற பறவை. இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிஞ்சது, அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சது ஒன்னே ஒன்னுதான், கால்ல இருந்தது சலங்கை இல்ல, தோல் வார். கருடனுக்கு எவன் தோல் வார் கட்டுவான்?

பசிக்குது போலன்னு நெனச்சேன், இங்கதான் முதல் தப்பு. கறி வேணும், ஆனா தெருவுல எந்த வீட்டு ஃப்ரிட்ஜ்லயும் கறி கிடையாது, புரட்டாசி! கடைசியில ரெண்டு வீடு தள்ளி இருக்கிற கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பம், சாயங்காலம் ப்ராய் (தணல்ல கறி சுடுறது) போட கோழி ஊற வெச்சிருந்தாங்க, அந்த வீட்டுப் பையன் மசாலா தடவாத ஒரு தொடைத் துண்ட எடுத்துட்டு ஓடி வந்தான். கருடாழ்வாருக்குக் கோழித் தொடையான்னு ஆன்ட்டி முகம் போன போக்க இப்ப நெனச்சாலும் சிரிப்பு வருது. நான் அதை கைய நீட்டிக் காட்டிட்டு புல்லுல வீசினேன். சத்தமே இல்லாம இறங்கிச்சு, ரெண்டு இறக்கையையும் விரிச்சு கூடாரம் மாதிரி கறிய மூடிக்கிட்டு கிழிக்க ஆரம்பிச்சுது. கோவிந்தா சத்தம் நின்னு போச்சு. வெறும் கிழியுற சத்தம்தான்.

அது தின்னுக்கிட்டிருக்கும்போது ஃபோன் கேமராவ ஜூம் பண்ணிப் பாத்தா கால் பட்டையில சின்னத் தகடு, அதுல நம்பர். அடிச்சேன். ஒருத்தர் எடுத்தார், நான் பாதி சொல்றதுக்குள்ள "எங்க, எங்க"ன்னு கத்தினார். டர்பன்லயே மோபெனி பக்கம் ஒரு குடோன்ல புறா விரட்டுற வேலைக்குக் கொண்டு வந்திருக்கார், ஏதோ லாரி ஹாரன்ல மிரண்டு போயிருக்கு, டிரான்ஸ்மிட்டர் பேட்டரி தீந்து போச்சு, ரெண்டு நாளா தேடுறார். அப்புறம் கேட்டார், "எதுவும் சாப்பிடக் குடுக்கலையே?" குடுத்தேன்னேன். "எவ்வளவு?" பாதித் தொடைக்கு மேலன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "சரி, மிச்சத்த எடுத்துடுங்க, எனக்கு ஒரு டீ போட்டு வைங்க, இன்னைக்குப் பொழுது உங்க வீட்லதான்"னார்.

ஏன்னு அப்போ புரியல. மிச்சத்த எடுக்கப் போனதும் அது எதிர்வீட்டுக் கூரை மேல ஏறிடுச்சு. அவர் பக்கியில (இங்க பிக்கப் வண்டிக்கு அதான் பேரு) வந்து இறங்கி விசிலடிச்சார், கிளவுஸ்ல கறி வெச்சுக் காட்டினார், கயித்துல கட்டின லூரை, அதாவது இரை மாதிரி இருக்கிற பொம்மைய, சுழட்டினார், அது பாக்குது, ஆனா வரல. நெஞ்சுக்கு மேல கோலிக்குண்டு மாதிரி உப்பியிருந்ததைக் காட்டினார், தீனிப்பை, என் கோழி அங்கதான் இருக்கு. "பசி இல்லாத பருந்துக்கு நான் யாரோ, நீங்க யாரோ"ன்னார்.

பிளாட்பாரத்துல உக்காந்து ஆன்ட்டி குடுத்த டீயும் வடையுமா அவர் சொன்னதுதான் எப்படிப் பழக்குறாங்கங்கிற உங்க கேள்விக்குப் பதில். இந்தக் கலைக்கு ஃபால்கன்ரின்னு பேரு, ஆயிரக்கணக்கான வருஷப் பழசு, 2010ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேத்தாங்க, அப்போ 11 நாடு சேந்து கேட்டாங்க. ஆனா இத்தனை வருஷத்துலயும் அடிப்படை மாறல, அது தராசு. நெசமாத்தான், தராசு. பறவைய தினமும் ஒரே நேரத்துல எடை போடுவாங்க, தட்டுக்குப் பதில் உக்காரக் கட்டை வெச்ச தராசு, அதை பக்கியிலயே வெச்சிருந்தார். ஒவ்வொரு பறவைக்கும் ஒரு பறக்குற எடை இருக்கு. இந்தப் பொண்ணுக்கு 930 கிராம் (ஆமா, பொண்ணு, இந்தக் கூட்டத்துல பொம்பளைதான் பெருசு, ஆம்பள 600, 650 கிராம்தான் இருக்கும்). 930ல இருந்தா கூப்பிட்டா வரும். 970 ஆயிட்டா மரத்துல உக்காந்து ஊர வேடிக்கை பாக்கும். ரொம்பக் குறைஞ்சாலும் ஆபத்து, சோந்து போயிடும், குளிர் நாள்ல செத்தே போகலாம். பட்டினி போட்டுப் பழக்குறாங்கன்னு சிலர் திட்டுவாங்க, அது சரியில்ல, பாக்ஸிங்காரன் எடை பாத்துச் சாப்பிடுற மாதிரிதான் இது, காட்டுல இருக்கிற பருந்தும் வயிறு நெறஞ்சிருந்தா வேட்டைக்குப் போகாது, சும்மா உக்காந்திருக்கும்.

எனக்கு உடனே சிபிச் சக்கரவர்த்தி ஞாபகம் வந்துச்சு. புறாவத் துரத்திக்கிட்டு வந்த பருந்து, என் பசிக்கு வழி சொல்லுன்னு கேக்குது, ராஜா தராசுல தன் தொடைய அறுத்து வெக்கிறார். சின்ன வயசுல அந்தப் பருந்து வில்லன்னு நெனச்சோம். அது கேட்டது நியாயம்தானே, அதுக்கு வேண்டியது எடைக்கு எடை கறி, தர்மம் நியாயம்லாம் ராஜாவோட பிரச்சினை. அவர்கிட்ட இந்தக் கதைய சொன்னேன், ரொம்ப நேரம் சிரிச்சார், அந்த ராஜா நல்ல ஃபால்கனர் ஆயிருப்பார்னார்.

பழக்குற முறை என்னன்னா, முதல்ல பறவைய அரை இருட்டு ரூம்ல கிளவுஸ் போட்ட கை மேல உக்கார வெச்சுக்கிட்டு மணிக்கணக்கா சும்மா இருக்கணும், டிவி பாத்துக்கிட்டுக்கூட இருக்கலாம், ஆனா அதோட கண்ணையே முறைச்சுப் பாக்கக் கூடாது, நேரா முறைக்கிறது கொல்லப் போறவன் பார்வை. பயந்து குதிக்கும், வாரோட தலைகீழா தொங்கும், பொறுமையா திரும்ப எடுத்து உக்கார வைக்கணும், அம்பது தடவைன்னாலும் அதே பொறுமை. கை மேல நின்னுக்கிட்டே குனிஞ்சு ஒரு வாய் கறி தின்னா பாதி கிணறு தாண்டியாச்சு, ஏன்னா குனியும்போது அது தன் கழுத்த நம்மள நம்பிக் குடுக்குது. அப்புறம் கட்டையிலருந்து கைக்கு ஒரு சாண் தாவல், அப்புறம் ரெண்டடி, அப்புறம் நீளக் கயிறு கட்டி முப்பது நாப்பது மீட்டர், ஒவ்வொரு தடவையும் விசில், கை, கறி, இதே வரிசை. ஹாரிஸுக்கு மூணு நாலு வாரத்துல இது முடிஞ்சிரும். அதுக்கப்புறம் ஒரு நாள் கயித்த அவுத்துட்டு விடணும், எத்தனை வருஷம் அனுபவம் இருந்தாலும் அன்னைக்கு வயித்தக் கலக்கும்னு சொன்னார், ஏன்னா அந்த நிமிஷத்துலருந்து அது திரும்பி வரணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. தினமும் பறக்கவிடுறப்போ அது போயிடலாம். வருது, ஏன்னா வந்தா லாபம். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

ஹாரிஸ் மட்டும் இதுல கொஞ்சம் வேற ரகம். பெரும்பாலான வேட்டைப் பறவைங்க தனிக்கட்டை, ஹாரிஸ் குடும்பமா வேட்டையாடும், ஒன்னு புதர்லருந்து விரட்ட இன்னொன்னு வெளிய பிடிக்கும், பாலைவனத்துல கள்ளிச்செடி உச்சியில இடம் இல்லன்னா ஒன்னு முதுகு மேல ஒன்னு ஏறி நிக்கும். அதனால மனுஷனையும் கூட்டாளியா ஏத்துக்கும், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கும், ஜனங்க நடமாடுற மால், ஃபேக்டரி வேலைக்கும் அதுதான் தோது. நீங்க பார்க்கிங்ல பாத்ததும் பெரும்பாலும் இதுதான், கார் சத்தம் ஆள் நடமாட்டம் எதுக்கும் அசையாம நின்னுச்சுன்னு நீங்க சொல்றத வெச்சே சொல்றேன். இங்க ஃபால்கனருங்க ஆசையா வெச்சிருக்கிற கருப்பு சிட்டுப்பருந்துன்னு ஒன்னு இருக்கு, பிளாக் ஸ்பாரோஹாக், இந்த மண்ணோட பறவை, புறா வேட்டையில மன்னன், ஆனா மூக்கு மேல கோவம், அது உங்க கார் மேல எல்லாம் சாவகாசமா உக்காந்திருக்காது.

இந்த வேலையில பருந்து நெறைய கொல்லணும்னுகூட இல்ல, தினமும் வருதுன்னு புறாவுக்குத் தெரிஞ்சா போதும். கேப் டவுன்ல ஒரு கோல்ஃப் மைதானத்துல எகிப்திய வாத்துங்க தொல்லைக்கு ஹாரிஸ கோல்ஃப் வண்டியிலருந்து பறக்கவிட்டு ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க, வாத்து எண்ணிக்கை நல்லாவே குறைஞ்சுது, அதைவிட வேடிக்கை, பருந்து இல்லாத வெறும் வண்டியப் பாத்தாலே மிச்சம் இருந்த வாத்துங்க உஷாராயிடுச்சாம். எங்க பக்கமும் அப்படித்தான், அவர் பக்கி கேட்டுக்குள்ள நுழையும்போதே புறா கிளம்பிரும், பறவைய வீட்லயே விட்டுட்டு வந்தாலும் ஒரு நாள் ஓட்டிரலாம்.

சரி, என் கைக்கு வர்றேன். சாயங்காலம் அஞ்சு மணி தாண்டிடுச்சு, கூட்டம் கலைஞ்சிருச்சு, அவருக்குக் கவலை, இருட்டினா ஆந்தை வரும், பெரிய ஆந்தைங்க தூங்குற பருந்த அடிச்சிரும், அதுக்கு மேல தெருவுல கரண்ட் கம்பம், ரெண்டு கம்பியத் தொட்டா முடிஞ்சுது. அது கூரையிலருந்து கம்பத்துக்குத் தாவிடுச்சு. நான் பதறிப்போய் "அங்க அங்க"ன்னு இடது கைய நீட்டிக் காட்டினேன்.

கைய நீட்டினா என்ன அர்த்தம்? காலைல கோழி குடுத்த அதே கை. தலை ரெண்டு தடவை மேலயும் கீழயும் ஆடுச்சு, அவ்வளவுதான் பாத்தேன், அடுத்த நிமிஷம் கம்பத்துலருந்து சரிஞ்சு தரையோட தரையா வந்து, கடைசியில மேல எழும்பி, என் வெறுங்கையில உக்காந்திருச்சு. வர்ற சத்தமே கேக்கல, மணி மட்டும் கடைசியா ஒரு தடவை. ஆச்சரியம் என்னன்னா கனமே இல்ல, ஒரு கிலோ சக்கரைப் பாக்கெட்டவிடக் குறைச்சல், ஆனா அந்தக் கனம் முழுக்க எட்டு ஊசி முனையில நிக்குது. முகம் என் முகத்துக்கு ஒரு முழம் கிட்ட. கண்ணு அடர்ந்த பழுப்பு, அதுல ஒரு வெள்ளைச் சவ்வு பக்கவாட்டுல சரக்குனு வந்து போகுது, மூக்கு அடியில மஞ்சத் தோல், அதுல காலைல தின்ன கோழியோட காஞ்ச நார் ஒன்னு ஒட்டிக்கிட்டிருக்கு. வெயில்ல காஞ்ச தலையணை மாதிரி ஒரு வாசனை. என் கையில கறி இல்லன்னு தெரிஞ்சதும் பிடிய இறுக்கிச்சு பாருங்க, அம்மான்னு கத்தக்கூட வரல.

அவர் அமைதியா சொன்னார், "இழுக்காதீங்க. முழங்கைய இறக்குங்க, மணிக்கட்டு மேல இருக்கட்டும். முகத்தத் திருப்பிக்கங்க." இழுத்தா இன்னும் இறுக்கும், அதோட கால் நரம்புல பல்லுச்சக்கரம் மாதிரி பூட்டு இருக்கு, ஒரு தடவை இறுக்கினா சக்தி செலவழிக்காமலே அப்படியே நிக்கும், எதிர்ப்பு நின்னாத்தான் தளர்த்தும். மணிக்கட்டு தாழ்ந்தா அது உயரமான இடம் தேடி தோளுக்கும் தலைக்கும் ஏறும், அதனாலதான் கைய உயத்தச் சொன்னது. அவர் பின்னாடியிருந்து வந்து கிளவுஸ அதோட கால் பின்பக்கம் லேசா தொட்டார், விரல் நடுவுல ஒரு கோழிக்குஞ்சுக் கால். பின்னங்கால்ல எதாவது தட்டுப்பட்டா பின்னாடி மேல ஏறி வைக்கிறது அதுங்களோட இயல்பு, ஏறி வெச்சுது, குனிஞ்சு தின்ன ஆரம்பிச்சுது, அவர் ஒத்தைக் கையாலயே வார்ல முடிச்சுப் போட்டுட்டார். உடம்ப உப்பி ஒரு சிலிர்ப்பு சிலிர்த்துச்சு, அது நிம்மதியா இருக்குன்னு அர்த்தமாம். நிம்மதி அதுக்கு. எனக்கு ரத்தம் சொட்டுது.

தராசுல 955 காட்டுச்சு, அதுல என் கோழி ஒரு 40 கிராமாவது இருக்கும்னார். நான் டெட்டனஸ் ஊசி போட்டுட்டு வந்தேன். ஆன்ட்டி மஞ்சப்பத்து போட்டுக்கிட்டே, "கருடன் தொட்ட கை தம்பி, ராசியான கை"ன்னாங்க. அது கருடன் இல்ல, அமெரிக்காக்காரி ஆன்ட்டின்னு சொன்னா, அதனால என்னன்னுட்டாங்க.

அதுலருந்து எனக்கு சனி ஞாயிறு அவர்கூடத்தான், பல வருஷம் ஆச்சு. பறக்கவிடுற அழகு வாரத்துல ரெண்டு மணி நேரம், மிச்சமெல்லாம் குஞ்சு பொறிக்கிற பண்ணையிலருந்து வர்ற உறைஞ்ச கோழிக்குஞ்ச கத்தரிக்கிறது, சுவத்தக் கழுவுறது. ஹாரிஸ் மாதிரி பருந்து வகை எச்சத்த பின்னால பீச்சாங்குழல் மாதிரி தூரமா அடிக்கும், ராஜாளி வகை நேர கீழ போடும், சுவத்தப் பாத்தே எந்த ரூம்ல எது இருக்குன்னு சொல்லிரலாம். காலைல அது கக்குற உருண்டை, செரிக்காத இறகும் ரோமமும் சேந்த உருண்டை, அதை முகர்ந்து பாத்து நாத்தம் அடிக்கலன்னா அன்னைக்கு உடம்பு சரியா இருக்குன்னு அர்த்தம். பாசம் வெக்குதான்னு கேட்டீங்களே, இத்தனை வருஷமா நான் குஞ்சு வெட்டிப் போடுறேன், கையில ஒன்னும் இல்லன்னு தெரிஞ்சா என்னை ஒரு மேஜையப் பாக்குற மாதிரிதான் பாக்கும். ஆனா தெரியாத ஆள் வந்தா இறகெல்லாம் உடம்போட ஒட்டிக்கிட்டு ஒல்லியா நிக்கும், நான் போனா தளர்வா ஒத்தக் கால்ல நிக்கும். அதுக்கு மேல எதிர்பாக்கக் கூடாதுன்னு எனக்குத் தோணுது, என் ஃபால்கனர் மட்டும் இதுல ஒத்துக்க மாட்டார், பத்து வருஷமான பறவைங்ககிட்ட வேற ஏதோ இருக்குன்னு சொல்லுவார்.

நம்ம ஊர்லயும் இது இருந்துச்சு, நாமதான் வேற பேர் வெச்சோம். திருக்கழுக்குன்றத்துல மலை மேல உச்சி வேளைக்கு ரெண்டு கழுகு வந்து குருக்கள் கையால சக்கரைப் பொங்கல் வாங்கித் தின்னுட்டுப் போகும், காசியிலருந்து ராமேஸ்வரத்துக்குப் போற வழியில வருதுன்னு சொல்லுவாங்க. அது மஞ்சள்முகப் பாறு, பிணந்தின்னிக் கழுகு வகை. தினமும் அதே நேரம், அதே பாறை, அதே ஆள், அதே சாப்பாடு, ஃபால்கன்ரிக்காரங்க பண்றதும் அதேதான். 90களுக்கு அப்புறம் வர்றது நின்னு போச்சு, இந்தியா முழுக்கவே பாறுக்கழுகுங்க அழிஞ்ச காலம் அது. ஆன்ட்டிகிட்ட இதைச் சொன்னேன், பாத்தியா, பொங்கல் தின்ற கழுகும் இருக்குன்னு அவங்களுக்கு ஏக சந்தோஷம்.

மொரீஷியஸ்ல இன்னும் நல்ல கதை. அங்க மட்டுமே இருக்கிற மொரீஷியஸ் வல்லூறு, 1974ல காட்டுல வெறும் நாலுதான் இருந்துச்சு. 1979ல கார்ல் ஜோன்ஸ் அங்க போய், கூட்டுலருந்து முட்டைய எடுத்துப் பொறிக்க வெச்சு (எடுத்தா அது திரும்ப முட்டையிடும்), குஞ்சுகள காட்டுல விட்டு, கூப்பிட்டு எலி குடுத்து, அப்படியே நூத்துக்கணக்குல கொண்டு வந்துட்டார். அதுல பாதி வித்தை ஃபால்கனருங்க வித்தைதான்.

உங்க விஷயத்துக்கு வர்றேன், மறுபடி பாத்தீங்கன்னா முதல்ல காலப் பாருங்க, வார், மணி, தகடு, முதுகுல இல்ல வால்ல கம்பி நீட்டிக்கிட்டிருக்கிற டிரான்ஸ்மிட்டர், இதுல ஏதாவது இருந்தா ஆள் உள்ள பறவை. சுத்தி முத்தி கிளவுஸ் போட்ட ஆள் இருந்தா நின்ன இடத்துலயே நில்லுங்க, அவர் பாத்துப்பார். ஆளே இல்ல, ரொம்ப நேரமா அங்கயே இருக்குன்னா ஃபோட்டோ எடுத்து தகட்டு நம்பரப் படிச்சு கூப்பிடுங்க, நம்பர் தெரியலன்னா அந்த ஏரியா ஃபால்கன்ரி கிளப்புக்கோ வனவிலங்கு மீட்புக்காரங்களுக்கோ சொல்லுங்க, இங்க மாகாண பெர்மிட் இல்லாம யாரும் வெச்சுக்க முடியாது, டர்பன் இருக்கிற குவாஸுலு-நட்டால் மாகாணத்துல எசெம்வெலோங்கிற வனவிலங்கு அமைப்புதான் பெர்மிட் குடுக்குது, அதனால சொந்தக்காரரக் கண்டுபிடிக்கிறது அவ்வளவு கஷ்டம் இல்ல. சாப்பாடு மட்டும் குடுத்துராதீங்க, குடுத்தா என்ன ஆகும்னு பாத்தீங்க இல்ல. அதுகிட்ட நின்னு கைய உயத்தி செல்ஃபி எடுக்காதீங்க, அதுக்கு அது கூப்பிடுற சிக்னல். சின்ன நாய்க்குட்டி இருந்தா தூக்கிக்கங்க. கையில முட்டை சாண்ட்விச் இருந்தா பையில போட்டுக்கங்க, கறியா முட்டையான்னு அது விசாரிச்சுட்டு வராது.

கால்ல ஒன்னும் இல்லாம தரையில உக்காந்துக்கிட்டு கிட்ட போனாலும் பறக்கலன்னா அது பழகினது இல்ல, அடிபட்டது, இல்லன்னா விஷம். எலி மருந்து தின்ன எலிய தின்னுட்டு ஆந்தையும் பருந்தும் சாகுறது இங்க ரொம்ப சகஜம். துண்ட மேல போட்டு மூடி, காத்தோட்டம் இருக்கிற அட்டைப்பெட்டியில இருட்டா வெச்சு, தண்ணி சாப்பாடு எதுவும் குடுக்காம உடனே மீட்புக்காரங்கள கூப்பிடுங்க, காலத்தான் ஜாக்கிரதையாப் பிடிக்கணும், அலகு ரெண்டாம் பட்சம். டர்பன்காரங்களுக்கு மட்டும் ஒன்னு, காடு ஒட்டின வீடுன்னா மரத்துல கிரீடக் கழுகு உக்காந்திருக்கலாம், அது முழுக்கக் காட்டுப் பறவை, டாஸியும் (முயல் சைசுல பாறையில வாழுற பிராணி) ஹாடிடா (அரிவாள் மூக்கன் வகைப் பறவை) குஞ்சும் தின்னுட்டு நகரத்துக்குள்ளயே கூடு கட்டி வாழுது, அதுகிட்ட என் கதைய நம்பிக் கைய நீட்டிராதீங்க.

ஆன்ட்டி போன புரட்டாசிக்கும் கேட்டாங்க, "தம்பி, உன் கூட்டாளி அந்தக் கருடன ஒரு சனிக்கிழமை கூட்டிட்டு வருவாரா?" கேட்டுச் சொல்றேன்னேன். அவருக்கு ஃபோன் பண்ணினா, வர்றேன், ஆனா தெருவுல யாரும் அதுக்கு எதுவும் குடுக்கக் கூடாது, எனக்கு மட்டும் வடை வேணும்னார்.